விண்டோஸ் 10 லேப்டாப், பாமினி ஃபைல்கள், பழைய பிரிண்டர், விட்டுவிட்டு வரும் நெட்: கட்டற்ற மென்பொருளுக்கு மாற எதை முதலில் செய்வது?

கோத்தகிரி_தேயிலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் வீடு. வீட்டுக்கு ஒரே லேப்டாப்: டெல், ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் கர்சர் ஒழுங்காக நகரவே ஆறேழு நிமிடம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது. அதில் இருக்கும் ஆபீஸும் கடைக்காரர் போட்டுக் கொடுத்த லைசென்ஸ் இல்லாத காப்பி. இதையெல்லாம் விட்டுவிட்டு முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு (உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) வந்துவிட வேண்டும் என்று முடிவு.

செய்யும் வேலைகள் இவ்வளவுதான். பச்சை இலைக் கணக்கு எக்செல்லில் (தேதி, கிலோ, ஈரத்துக்குக் கழிவு, விலை, ஃபேக்டரியிலிருந்து வந்த பணம்). சிறு விவசாயிகள் சங்கத்துக் கடிதங்கள் வேர்டில், எல்லாம் பாமினி எழுத்துருவில், எட்டு வருடத்து ஃபைல்கள். பிள்ளைகளின் படிப்பு. போனில் இருக்கும் போட்டோக்களை இறக்கி வைப்பது. பிரிண்டர் கேனன் எல்பிபி 2900.

நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். ஐப்பசி மழையில் கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். எந்த வரிசையில் செய்தால் இடையில் கை உடைந்து நிற்காமல் இருக்கலாம்? செய்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மேல்குன்னூர் பதில்:

சார், சிஸ்டத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான கட்டற்ற சிஸ்டம்) போட்டு இரண்டே வாரத்தில் பழையபடி விண்டோஸுக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. ஆபீஸ், பிரவுசர், தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர் நான்கும் ஒரே நாளில் மாறினால் யாருக்கும் தலை சுற்றும். முதலில் ஃபைல்களைச் சரி செய்யுங்கள், அடுத்து செயலிகளை மாற்றுங்கள், சிஸ்டம் கடைசி.

முதல் ஒரு மாதம், இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரெஆபீஸ் (ஆபீஸுக்குப் பதில்), ஃபயர்பாக்ஸ் (பிரவுசர்), தண்டர்பேர்ட் (ஈமெயில்), விஎல்சி (வீடியோ), கீபாஸ்எக்ஸ்சி (பாஸ்வேர்டுப் பெட்டகம்) ஐந்தையும் போட்டு அவற்றில் மட்டும் வேலை பாருங்கள். ஐந்தும் கட்டற்றவை, ஐந்தும் லினக்ஸிலும் இதே முகத்தோடு இருக்கும். பழைய பிரவுசரில் சேர்ந்திருக்கும் பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து கீபாஸ்எக்ஸ்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த சிஎஸ்வியில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் பச்சையாக இருக்கும். ஏற்றிய கையோடு அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

இலைக் கணக்குக்கு லிப்ரெஆபீஸ் கால்க் (எக்செல்லுக்குப் பதிலானது) தாராளமாகப் போதும். ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள்: தேதி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 'லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ்' போய் லொகேலை (எந்த நாட்டு முறை என்பதை) 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று வைத்துவிட்டுத்தான் முதல் வரியை அடிக்க வேண்டும். அது அமெரிக்க அமைப்பில் இருந்தால் 3/7 என்று அடிப்பது ஜூலை 3 ஆகாமல் மார்ச் 7 ஆகிவிடும். 13/7 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். கண்டுபிடிப்பது எளிது: தேதி கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் ஒட்டி நிற்கும். ஒரு பத்தியில் பன்னிரண்டாம் தேதி வரை வலப்பக்கமும் அதற்கப்புறம் இடப்பக்கமும் நின்றால் லொகேல் தப்பு. மாதக் கூட்டுத்தொகை அத்தனையும் தப்பாகத்தான் வரும்.

சொந்தக் கணக்குகளை ஓடிஎஸ் (கால்க்கின் சொந்த வடிவம்) வடிவில் சேமியுங்கள். அடுத்தவருக்கு அனுப்புவது பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப், அவர் திருத்த வேண்டும் என்றால் எக்செல் அல்லது வேர்டு வடிவம். ஒரே ஃபைலை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் கட்டமைப்பு கொஞ்சம் நகரும். கேலிப்ரி எழுத்துருவில் இருந்த ஆங்கிலக் கடிதங்கள் பக்கம் மாறி வந்தால் 'கார்லிட்டோ' எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். கேலிப்ரியின் அதே அகலத்தில் செய்தது அது.

இனி மெஷின். மெதுவாக ஓடுவதற்கு முக்கியக் காரணம் அந்தச் சுழலும் ஹார்ட்டிஸ்க்தான். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), 240 அல்லது 256 ஜிபி, ஒன்று வாங்குங்கள். கை நிறைந்தால் 4 ஜிபி ராம் ஒன்றும் சேருங்கள். ஐந்தாம் தலைமுறையில் பெரும்பாலும் டிடிஆர்3எல், 1.35 வோல்ட். உள்ளே இருக்கும் ராமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டிவிட்டு வாங்குங்கள், டிடிஆர்4 இதில் நுழையாது.

பழைய ஹார்ட்டிஸ்க்கை அழிக்கக் கூடாது. கழற்றி, விண்டோஸோடு அப்படியே எடுத்து வையுங்கள். புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மட்டும். ஏதாவது சரிவரவில்லை என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி பழையதை மாட்டினால் பழைய வீடு அப்படியே இருக்கும். பார்ட்டிஷன் பிரிக்கிற வேலையே இல்லை, பிரிக்கும்போது கரண்டு போய் எல்லாம் போச்சே என்ற பயமும் இல்லை. பழைய ஃபைல்களை எடுக்க சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேஸ் ஒன்று இருந்தால் போதும்.

எது போடுவது என்றால் லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை), பழைய மெஷினுக்கு லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைல்) சுமார் 3 ஜிபி. ஹாட்ஸ்பாட்டில் பிரவுசர் வழியாக இறக்கினால் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம், டாரன்ட் வழியாக இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்த்தும் கொள்ளும். கோயம்புத்தூரில் யாராவது இறக்கி பென்டிரைவில் கொடுத்தாலும் சரி. ஆனால் கையில் வந்த ஐஎஸ்ஓவை 7-ஜிப் போட்ட கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து, எஸ்எச்ஏ-256 எண் (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து, மின்ட் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்தையாவது ஒப்பிடுங்கள். அரைகுறை ஐஎஸ்ஓ பாதி இன்ஸ்டாலில் நின்று, டிஸ்க் கெட்டுவிட்டது போல ஏமாற்றும்.

8 ஜிபி பென்டிரைவில் வென்டாய் (ஐஎஸ்ஓவைப் பென்டிரைவிலிருந்தே பூட் செய்ய வைக்கும் செயலி) போடுங்கள் (அதில் இருப்பது அத்தனையும் அழியும்). அதற்கப்புறம் ஐஎஸ்ஓவைச் சாதாரண ஃபைல் மாதிரி காப்பி செய்தால் போதும். டெல்லில் ஆன் செய்தவுடன் எஃப்12 தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட் ஓடும். அங்கே அரை மணி நேரம் செலவழியுங்கள்: வைஃபை, ஸ்பீக்கர், வெளிச்சம் கூட்டும் பட்டன், கேமரா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுந்திருக்கிறதா. எல்லாம் சரி என்றால் இன்ஸ்டால்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா ஆபரேஷன் 'ரெய்டு' என்று இருக்கும், 'ஏஎச்சிஐ' என்று மாற்றுங்கள். பழைய விண்டோஸ் டிஸ்க்கைத் திரும்ப மாட்டும் நாளில் இதையும் திரும்ப மாற்ற வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

வைஃபை வரவில்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்கக்கூடும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், மின்ட் அதை உடனே நெட்டாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டிய டிரைவரை அதுவே காட்டும். அந்த டிரைவர் கட்டற்றது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம் என்றால் திறந்த டிரைவரில் ஓடும் சின்ன யுஎஸ்பி வைஃபை ஒன்று வாங்க வேண்டும்.

முடிந்ததும் மின்ட்டில் இருக்கும் டைம்ஷிப்ட் செயலியை ஆன் செய்யுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் பின்னுக்குக் கொண்டுபோகும், உங்கள் கடிதத்தையும் போட்டோவையும் காக்காது. அதற்குத் தனியாக வெளி டிஸ்க்கில் காப்பி வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு அந்த டிஸ்க்கை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து மாட்டி, இரண்டு ஃபைலைத் திறந்து பார்ப்பது நல்லது.


சீகைமரம் பதில்:

மேல்குன்னூர் அண்ணன் சொன்ன வரிசைக்கு நானும் உடன்படுகிறேன். பாமினிக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எட்டு வருடத்து ஃபைல் என்றால் உங்களுக்கு உண்மையான வேலை அங்கேதான்.

பாமினி ஃபைலில் தமிழ் கிடையாது. 'அம்மா' என்று நீங்கள் அடித்தது ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கிறது. அந்தக் குறிகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கிலக் குப்பை தெரிவது அதனால்தான். 'மானியம்' என்று தேடினால் ஒரு ஃபைலும் சிக்காததும் அதனால்தான். இது லினக்ஸ் பிரச்சினையே அல்ல, விண்டோஸிலேயே இருந்தாலும் யூனிகோடுக்கு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றாகிவிட்டது.

முதலில் அவசரத்துக்கு ஒரு வழி. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியின் டிடிஎஃப் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்+எச் தட்டினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டர் (இல்லையென்றால் உருவாக்குங்கள்) உள்ளே டிடிஎஃப்பைப் போட்டு, லிப்ரெஆபீஸை மூடித் திறந்தால் பழைய கடிதங்கள் பழையபடி தெரியும், அச்சும் ஆகும். ஆக, எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது கலப்பு வரிகள். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிச் செயலிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. தமிழ்க் கடிதத்துக்கு நடுவில் டைம்ஸ் நியூ ரோமனில் அடித்த கணக்கு எண், ஈமெயில் முகவரி, ஐஎஃப்எஸ்சி கோடு எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து உளறல் எழுத்தாக்கிவிடும். முழு ஃபைலையும் ஒரே மூச்சில் மாற்றாமல் பத்தி பத்தியாக, பாமினிப் பகுதியை மட்டும் காப்பி செய்து மாற்றுங்கள். மாற்றியதைப் புது ஃபைலாகச் சேமித்து, பழையதை ஒரு பிடிஎஃப்பாகவும் எடுத்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்தப் பிடிஎஃப் வேண்டும். எட்டு வருடத்தையும் உட்கார்ந்து மாற்ற வேண்டாம். திரும்பத் திரும்ப எடுக்கும் மாதிரிக் கடிதங்கள், உறுப்பினர் பட்டியல், தீர்மானங்கள் மட்டும் முதலில்.

மாற்றிய பிறகு லிப்ரெஆபீஸில் ஒன்று குழப்பும். அங்கே ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறு எழுத்துரு என்று இரண்டு அறைகள். பாமினி ஆங்கில அறையில் இருந்தது, யூனிகோடுத் தமிழ் மற்ற அறையில் போய் உட்காரும். 'அளவை 12 வைத்தேன், அச்சில் 10 வருகிறதே' என்பதெல்லாம் இதனால்தான். ஆப்ஷன்ஸ், 'லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ்' பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து மொழி தமிழ் என்று வையுங்கள். பிறகு ஸ்டைல்ஸில் 'டீஃபால்ட் பாராகிராஃப்' திருத்தப் போனால் இரண்டு அறையும் தனித்தனியாகத் தெரியும். தமிழ் அறையில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 11 அல்லது 12. இதை வெற்றுக் கடிதம் ஒன்றில் செய்து டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் ஒரு தடவையோடு போச்சு.

தட்டச்சு: சாப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' (தமிழ் அடிக்க உதவும் செயலி) போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள் (லாக்அவுட் செய்யாமல் 'வரவில்லை' என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்). ஐபஸ் பிரிபரன்ஸில் தமிழ், அதில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேருங்கள். பாமினி அடித்துப் பழகிய விரல்களுக்கு தமிழ்99 புதுசுதான், ஆனால் படிக்க வேண்டியது மிகக் குறைவு. 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. 'தேயிலை' அடிக்க த, ஏ, ய, இ, ல, ஐ என்று ஆறே தட்டு. கொம்பு எங்கே, கால் எங்கே என்று தேட வேண்டியதில்லை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ந்த', 'ங்க', 'ட்ட' எல்லாம் இப்படியே வரும். தானாக விழாத இடத்தில் ஆய்த விசையைத் தட்டினால் அதுவே புள்ளி. தினம் இருபது நிமிடம், ஒரு மாதம் கொடுங்கள். விண்டோஸில் இருக்கும்போதே இ-கலப்பை என்ற தட்டச்சுச் செயலியில் இதைப் பழகிவிடலாம், அதுவும் கட்டற்றதுதான்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. நம் மொழியில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு என்று இரண்டு சொல் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஆபீஸ் செயலிகள் வேறு சிலவும் உண்டு. காசு கேட்காது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த வித்தியாசம் முக்கியம். படிக்கத் தமிழிலேயே வேண்டும் என்றால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளும் மின்னூல்களும் இருக்கின்றன.


கேத்தி_கேரட் பதில்:

பிரிண்டருக்கு மட்டும் சொல்கிறேன். எல்பிபி 2900 லினக்ஸில் சிரமம் கொடுக்கும் வகை. பக்கத்தை உருவாக்கும் வேலையை அது தானே செய்யாமல் கம்ப்யூட்டரின் தலையில் போடுகிறது, 'கேப்ட்' என்ற தனி மொழியில்தான் பேசும். கேனன் கொடுக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அதற்கு 32-பிட் துணைக் கோப்புகள் வேண்டும். பின்னணியில் ஒரு தனி சர்வீஸும் ஓட வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலோ லேப்டாப் தூங்கி எழுந்தாலோ அந்த சர்வீஸ் தொடர்பை விட்டுவிடும், பிரிண்ட் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். பிரிண்டரை முதலில் ஆன் செய்து, பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் வரும். 'கேப்ட்டிரைவர்' என்று ஆர்வலர்கள் எழுதிய கட்டற்ற டிரைவரும் 2900-க்கு உண்டு. சாதாரணப் பக்கங்களுக்கு ஆகும்.

சங்கக் கடிதம் மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடிஎஃப் ஆக்கி, பழைய விண்டோஸ் டிஸ்க்கிலிருந்தோ கடையிலோ அச்செடுங்கள். அடுத்து பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' அல்லது 'மோப்ரியா' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மின்ட்டில் டிரைவரே வேண்டாம், வைஃபையில் தானாகத் தெரியும். எப்சன் எல் வரிசை இங்க் டேங்குக்கும் டிரைவர் மின்ட்டின் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.

யாராவது பழைய எச்பி 1020 மலிவாகத் தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள். அதற்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். அந்த ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) எச்பிலிப் என்ற எச்பி டிரைவர் தொகுப்பின் தனி பிளக்இன்னில் இருக்கிறது. எச்பிலிப் பதிப்பு மாறினால் பிளக்இன்னையும் அதே பதிப்புக்கு மறுபடி இறக்க வேண்டும். கரண்டு அடிக்கடி போகும் ஊரில் அது சரிப்படாது.


பந்தலூர்_மழை பதில்:

எஸ்எஸ்டி வாங்க இப்போது முடியாது, இருக்கிற டிஸ்க்கிலேயே இரண்டையும் வைக்க வேண்டும் என்கிறவர்களும் இந்தத் திரியைப் படிப்பார்கள். தனி டிஸ்க் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே டிஸ்க்கிலும் செய்யலாம், மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுக்க மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்க முடியும், எழுத முடியாது. டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் அதையும் முதலில் அணைத்து, முழுக்க முடியும் வரை காத்திருங்கள்.

இரண்டு, இடம் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். 100 ஜிபி ஒதுக்கினால் போதும். மழைக்காலம் என்றால் பேட்டரி அறுபது சதவீதத்துக்கு மேல் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். பழைய பேட்டரி பத்து நிமிடம்தான் நிற்கும் என்றால் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். எங்கள் பக்கம் ஆடியிலும், உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது.

மூன்று, கடிகாரம். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் காட்டும். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. நெட் இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளும். திருத்திவிட்டு விண்டோஸ் எழுதியதை லினக்ஸ் படிக்கும்போது இப்போது ஐந்தரை மணி முன்னால் ஓடும். நெட் இல்லாத நாட்களில் இப்படி மாறி மாறி ஃபைல் தேதிகள் எல்லாம் குழம்பும். மின்ட்டில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் உள் கடிகாரத்தை லோக்கல் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

நேரம் அரை மணி, ஒரு மணி என்று இல்லாமல் வருடமே பின்னால் போயிருந்தால் அது வேறு நோய். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்றே வரும். பேட்டரியை மாற்றுங்கள், பிரவுசரைக் குறை சொல்ல வேண்டாம்.


கோத்தகிரி_தேயிலை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எஸ்எஸ்டி தனியாக வாங்குவது என்று முடிவு. இரண்டு கேள்வி பாக்கி. மின்ட்டில் அப்டேட் எவ்வளவு டேட்டா தின்னும்? தினம் 1.5 ஜிபிதான் ரீசார்ஜ். போட்டோவுக்கும் போனுக்கும் என்ன செய்யலாம்? போனையும் முழுக்க மாற்றிவிடலாமா?


பூம்பாறை_பூண்டு பதில்:

கொடைக்கானல் மேல்மலைப் பக்கமும் இதே கதைதான் சார், டவர் இருந்தால் நெட். அதனால் டேட்டாக் கணக்கோடு சொல்கிறேன்.

லிப்ரெஆபீஸ், ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் மூன்றும் மின்ட் ஐஎஸ்ஓவிலேயே வந்துவிடும், தனியாக இறக்க வேண்டியதில்லை. முதல் அப்டேட்தான் பெரியது, பல நூறு எம்பி போகும். அதை மட்டும் நல்ல வைஃபை இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போய் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் பார்க்க வேண்டாம்.

டேட்டாவை உண்மையில் விழுங்குவது ஃபிளாட்பேக் என்ற செயலி வடிவம். சாப்ட்வேர் மேனேஜரில் ஒரே செயலி 'சிஸ்டம் பேக்கேஜ்', 'ஃபிளாட்பேக்' என்று இரண்டு விதமாகக் கிடைக்கும். முதல் ஃபிளாட்பேக் போடும்போது, செயலி 20 எம்பியாக இருந்தாலும் அதற்கு அடித்தளமாகச் சில நூறு எம்பி சேர்ந்து இறங்கும். பிறகு அந்த அடித்தளத்துக்கும் அப்டேட் வரும். சிஸ்டம் பேக்கேஜ் இருந்தால் அதையே எடுங்கள். பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கும், வீட்டு வேலைக்குப் பாதகமில்லை.

இறக்கும்போது நெட் போனால் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். இறக்கி முடித்துப் பதியும்போது கரண்டு போய் பேட்டரியும் நின்றுவிட்டால் அடுத்த முறை 'டிபிகேஜி இடையில் நின்றது' என்று பிழை வரும். சிஸ்டம் கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். என்ன கட்டளை அடிக்க வேண்டும் என்று அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கும், டெர்மினலில் அப்படியே அடித்தால் மீதியை முடித்துக்கொள்ளும்.

போட்டோவுக்கு லோக்கல்சென்ட் என்ற செயலி. போனிலும் லேப்டாப்பிலும் போட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால் போட்டோ நேராகக் காற்றில் போகும், ரீசார்ஜ் டேட்டாவில் ஒரு எம்பி கூடக் குறையாது. டவரே இல்லாத நாளிலும் ஓடும். ஆயிரம் போட்டோவை ஒரே மூச்சில் அனுப்பாமல் இருநூறு இருநூறாக அனுப்புங்கள், போன் திரை அணைந்தால் நடுவில் நின்றுவிடுவது உண்டு. தானாக நடக்க வேண்டும் என்றால் சிங்க்திங் (இரண்டு கருவிகளின் ஃபோல்டர்களை ஒன்றுபோல் வைக்கும் செயலி). ஆனால் அது பேக்கப் அல்ல. போனில் அழித்தால் லேப்டாப்பிலும் அழிந்துவிடும். லேப்டாப் பக்கத்தில் 'ஃபைல் வெர்ஷனிங்' ஆன் செய்யாமல் அதை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கான மூலச் செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், அதன் கிளையான சிங்க்திங்-ஃபோர்க் என்பதைத்தான் இப்போது போட வேண்டும்.

போனின் சிஸ்டத்தை மாற்றாதீர்கள். வங்கி, யுபிஐ செயலிகள் போனின் பூட்லோடர் (வேறு சிஸ்டம் ஏறாமல் காக்கும் பூட்டு) திறந்திருக்கிறதா என்று சோதிக்கும், திறந்திருந்தால் பல செயலிகள் ஓடவே மறுக்கும். இலைப் பணம் வருவதும் உரக்கடைக்குக் கொடுப்பதும் அந்த ஒரே போனில் என்றால் அதில் கை வைப்பது சரியல்ல. யுபிஐ செயலிகளுக்கு இன்று கட்டற்ற மாற்று கிடையாது, அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மாற்றலாம். எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கடையைப் போட்டு அதிலிருந்து கீபாஸ்டிஎக்ஸ் (லேப்டாப்பின் கீபாஸ்எக்ஸ்சி ஃபைலையே திறக்கும்), ஏஜிஸ் (இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணுக்கு), ஃபாசிஃபை வரிசையில் கேலரியும் காலண்டரும், வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். ஏஜிஸில் முதல் நாளே என்கிரிப்ட் செய்த பேக்கப் ஒன்று எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்த எண்கள் வேறெங்கும் இல்லை.

ஆர்கானிக் மேப்ஸில் வைஃபை இருக்கும்போதே தமிழ்நாடு வரைபடத்தை இறக்கிவிடுங்கள். கூடலூர் வழியாகப் போகிறவர் என்றால் கேரளா, கர்நாடகாவும் சேர்த்து. டவர் இல்லாமலே வழி காட்டும். நெரிசல் தெரியாது, கொண்டை ஊசி வளைவுகளில் அது சொல்லும் நேரத்தை நம்பாமல் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தின் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடத்திலிருந்து வருகிறது. உங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு)ப் போகும் சிமென்ட் ரோடோ, இலை எடை போடும் ஷெட்டோ அதில் இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். அடுத்த அப்டேட்டில் எல்லோர் போனிலும் வரும்.


மேல்குன்னூர்:

பூண்டு தம்பி சொன்னதோடு ஒன்று. கீபாஸ் ஃபைலைப் போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நாளில் தனித்தனியாகத் திருத்தினால் இரண்டு வேறு வேறு பிரதிகள் ஆகிவிடும். லேப்டாப்பில் கீபாஸ்எக்ஸ்சியைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ்' கொடுத்து போனின் பிரதியைக் காட்டினால் சேர்த்துவிடும். அப்படிச் சேர்க்காமல் ஒன்றின் மேல் ஒன்றைக் காப்பி செய்தால் புது பாஸ்வேர்டு அழிந்து போகும். அதன் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் திறக்க வேறு வழியே இல்லை. காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள்.